திங்கட்கிழமைகளில் நீடித்த நீலம்

போன மாதம், இப்போது அங்கே வேலை செய்யும் நீங்கள் மூவரும் கேக் சாப்பிடும் சாக்கில் என்னை என் பழைய ஆய்வுகூடத்துக்குக் கூப்பிட்டு, அந்த விரைவுக் கலப்பு இயந்திரத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். அதை எப்படிக் கழுவுவது, எப்படிப் பூட்டுவது என்பதெல்லாம் சன்னலோரத் தட்டில் சிவப்புக் கோப்பில் இருக்கிறது. நான் எழுதியதுதான். நீங்கள் அதை வாசிக்க மாட்டீர்கள் என்று தெரியும். எனக்கு முன் இருந்தவர் எழுதியதை நானும் வாசித்ததில்லை. ஆகவே கோப்பில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. நோர்வேஜிய மொழியில் எழுதினால் இங்கே பிறந்து வளர்ந்த நீங்கள் இருவரும் என் பிழைகளைத் திருத்தத் தொடங்கிவிடுவீர்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் மூன்றாமவர் எங்கள் யாழ்ப்பாணப் பேச்சைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அந்த நீலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் மனைவிக்கு நான் சொன்ன விதத்தில் ஒருமுறை கேளுங்கள். உடம்புக்கு இரும்பு வேண்டும். ஆனால் அது கட்டுப்பாடில்லாமல் திரிந்தால் உயிரணுவை நாசம் செய்துவிடும். அதனால் உடம்பு ஃபெரிட்டின் என்ற புரதத்தில் அதைப் பூட்டி வைக்கிறது. உள்ளே வெற்றிடமுள்ள ஒரு பந்து அது. கரைந்த நிலையில் வரும் இரும்பு அந்தப் பந்தின் சுவரில் ஓரிடத்தில் இரண்டிரண்டாக உட்காரும். இரண்டு இரும்பணுக்களுக்கும் நடுவே ஓர் ஒட்சிசன் மூலக்கூறு பாலம் போட்டதுபோல் பிணைந்துகொள்ளும். அந்தக் கணத்தில் கரைசல் நீலமாகும். கண் இமைத்து முடிப்பதற்குள் பாலம் உடைந்து, நீலம் போய், துருவின் நிறம் வந்துவிடும். துரு உள்ளே போய்ச் சேமிப்பாகிவிடும்.

"கண்ணுக்கே தெரியாத நிறத்துக்காகவா காலமை ஆறரை மணி ரயிலில போறியள்?" என்று அவள் கேட்டாள். ஓம், அதற்காகத்தான் முப்பத்தொரு வருடம் ஒஸ்லோவின் ஓரத்துக் குரோருட்டிலிருந்து போனேன். இரண்டு சிரிஞ்சுகளைப் படாரென்று தள்ளி, ஒன்றில் இருக்கும் இரும்பையும் மற்றதில் இருக்கும் புரதத்தையும் ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்குகளுக்குள் கலந்து, அந்த நீலம் எழுந்து விழுவதைக் கணினித் திரையில் ஒரு கோடாகப் பார்க்கலாம். பல்லாயிரம் தடவை பார்த்திருப்பேன். ஒருநாளும் அலுத்ததில்லை.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் தூத்தென் என்ற நாட்டுப்புறத்தில் பயிர் செய்த கமக்காரர் ஒருவரின் மகன். அவர் பெயரை எழுதினால் கோபிப்பார், ஆகவே விட்டுவிடுகிறேன். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. இயந்திரத்தில் ஏதாவது பிழை என்று தெரிந்தவுடன் இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் அப்படியே நின்று பார்ப்பார். பிறகு கொப்பியை எடுத்து எதையோ எழுதுவார். அதன்பிறகுதான் திருகு சாவியைத் தொடுவார். நான் அப்போது இளைஞன், கை துருதுருவென்று இருக்கும். கிழவனுக்குக் குளிர்கிறதாக்கும் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன். ஏன் அப்படி நிற்கிறார் என்று ஒருநாளும் கேட்கவில்லை, அவரும் தானாக எதையும் சொல்லும் ஆளில்லை. அவர் ஓய்வு பெற்றுப் போனபின் இயந்திரம் முழுக்க என் கைக்கு வந்தது.

இனி என் பிழை. நான் ஓய்வு பெறுவதற்கு நாலு வருடம் முந்தைய டிசம்பர் மாதம். இயந்திரத்தின் நடுவில் இருக்கும் உலோகக் கட்டையை இருபத்தைந்து பாகையில் வைத்திருக்க, பக்கத்திலுள்ள தொட்டியிலிருந்து சூடான நீர் குழாய் வழியாக அதற்குள் ஓடித் திரும்பும். அந்தக் குழாயின் மூட்டில் நீர் கசிந்தது. புது மூட்டு வர ஒரு முழுக் கிழமை, ஏழு நாள் ஆகும். ஆகவே குழாயைக் கட்டையிலிருந்து கழற்றி, நீர் தொட்டியிலிருந்து புறப்பட்டுத் தொட்டிக்கே திரும்பும்படி சுருக்காகப் பூட்டிவிட்டேன். மறக்காமலிருக்க மஞ்சள் தாளில் 'குழாயைத் திரும்பக் கட்டையில் பூட்டவும்' என்று எழுதி ஒட்டினேன். எனக்கு நானே எழுதுவது எப்போதும் தமிழில்தான். அந்தக் கட்டடத்தில் அதை வாசிக்கக்கூடியவர் அப்போது என்னைத் தவிர ஒருவருமில்லை.

நத்தார் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்மஸுக்கு முந்தைய கடைசி நாளில் டுக்னாட் வந்தது. பேராசிரியர் முதல் மாணவர் வரை எல்லோரும் சேர்ந்து கூட்டித் துடைத்து, பிறகு வட்டமாக இருந்து பன் சாப்பிடும் நாள். நான் கீழ்த்தளத்தில் குளிர்ப்பெட்டிகளைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். மேலே யாரோ ஒருவர் அந்த மஞ்சள் தாளைக் கண்டிருக்கிறார். வாசிக்கத் தெரியவில்லை. என் சொந்த விஷயமாக்கும் என்று நினைத்து, மரியாதையாகக் கழற்றி, மடித்து, என் கடிதப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். என் கடிதப் பெட்டியை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். அதற்குள் விழுந்த எதுவும் அந்த வருடம் வெளியே வந்ததில்லை. ஜனவரியில் நான் வந்தபோது தாளும் இல்லை, கசிவும் இல்லை, தொட்டியின் முகப்பில் இருபத்தைந்து என்று பச்சை எழுத்து ஒளிர்ந்தது. எல்லாம் சரி என்று நினைத்துவிட்டேன்.

அதே ஜனவரியில்தான் கயல்விழி வந்தாள். திருநெல்வேலிக்காரி, முனைவர் பட்டம் முடித்து இரண்டு வருட ஒப்பந்தத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். அதில் ஒன்றரை வருடம் நோர்வேயின் தென்பகுதி நகரமொன்றின் ஆய்வுகூடத்தில் கழிந்துவிட்டது. மீதி எங்களோடு. ஒகஸ்டில் ஒப்பந்தம் முடியும். முடிந்தால் வதிவிட அனுமதியும் முடியும். கணவரும் நாலு வயது மகளும் ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் ஒரு மாடிக் குடியிருப்பில். மகள் போன பார்னஹாகே என்ற பாலர் பள்ளியில் எங்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் நிறையப் பேர், ஆகவே ஒரு மாதத்தில் அவள் வீட்டில் ஆமாவுக்குப் பதிலாக "ஓம்" சொல்லத் தொடங்கிவிட்டாள். பிள்ளை ஏதோ மந்திரம் சொல்கிறதே என்று கணவர் பயந்துபோனாராம்.

குழுத் தலைவியான பேராசிரியரைக் கயல் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், இங்கே அதுதான் வழக்கம். என்னை மட்டும் "சார்" என்பாள். பேராசிரியருக்கு அது பெரிய பகிடி, சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "வாய்ல வர மாட்டேங்குது சார்" என்றுவிட்டாள்.

அவள் ஃபெரிட்டின் புரதத்தின் சங்கிலியில், இரும்பு உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரே ஒரு கண்ணியை மாற்றியிருந்தாள். அப்படி மாற்றினால் அந்த ஒட்சிசன் பாலம் உடையத் தாமதமாகும், நீலம் கொஞ்சம் நீடிக்கும் என்பது அவளுடைய எண்ணம். மாற்றிய புரதம் சீக்கிரம் பழுதாகும், ஆகவே கிழமைத் தொடக்கத்தில் திங்கள் காலையில் அளக்க வேண்டும். மாற்றாத சாதாரணப் புரதம் கெட்டியானது, வெள்ளி பின்னேரம் வரை தாங்கும். இந்த நேர அட்டவணையைப் போட்டுக் கொடுத்தவன் நான். ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகப் போட்டதாக அப்போது எனக்குள் ஒரு பெருமை.

முதல் திங்களே நீலம் நீண்டது. கொஞ்சமல்ல, இரண்டு மடங்கு. கயல் நம்பவில்லை. திரும்பச் செய்தாள். சில திங்கள் இரண்டு மடங்கு, சில திங்கள் ஒன்றரை. புள்ளிகள் சிதறிக் கிடந்தன. அது அவளை உறுத்தியது.

"சார், ஏன் இப்படி ஆடுது? இரும்புக் கரைசலுக்குள்ள ஆக்ஸிஜன் புகுந்திருக்குமோ?"

"ஒட்சிசன் புகுந்தால் நிறத்திலயே தெரியும் பிள்ளை. உது புது ஆளின்ரை கை. போகப் போகச் சரிவரும்."

அப்படித்தான் சொன்னேன். இருபத்தேழு வருட அனுபவம் சொன்ன பதில் அது. அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். என் முகத்தைப் பார்த்தால் அப்போது யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஈஸ்டர் விடுமுறைக்குப் பத்து நாள் கட்டடமே காலியாகக் கிடந்தது. விடுமுறை முடிந்து வந்த முதல் நாள் காலையில் அளந்தபோது நீலம் அதுவரை இல்லாத அளவுக்கு நீண்டது. பேராசிரியர் கேக் வாங்கி வந்தார். கயல் தன் பெயரில் மூன்று வருட ஆய்வுப் பதவிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள். அதன் முதல் பக்கத்தில் அந்தப் படம் ஏறியது: இரு மடங்கு வாழும் நீலம். அந்தப் பதவி கிடைத்தால் குடும்பம் ஒஸ்லோவில் இருக்கலாம், கிடைக்காவிட்டால் ஒகஸ்டில் மூட்டை கட்ட வேண்டும். விண்ணப்பத்துக்கான கடைசி நேரம் ஏப்ரல் கடைசியில் ஒரு புதன்கிழமை பகல் ஒரு மணி.

அந்தப் புதனுக்கு முந்தைய திங்கள் மதியம் நாங்கள் இருவரும் சாப்பாட்டறையில் இருந்தோம். வழக்கமாகக் கயல் திங்கட்கிழமை தோசை கொண்டுவருவாள், எனக்கும் ஒன்று வரும். அன்று இந்த நாட்டவர் சாப்பிடும் பாண் ரொட்டியும் பழுப்புப் பாற்கட்டியும்.

"என்ன பிள்ளை, நோர்வேஜியர் ஆகிட்டியோ?"

"மாவு பொங்கவே இல்ல சார். ரெண்டு நாள் வச்சும் அப்படியே கல்லு மாதிரி கெடக்கு."

"குளியலறைத் தரையில வைக்கேல்லையோ?" ஒஸ்லோவில் தோசை மா புளிக்க அதுதான் வழி, அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான். குளியலறைத் தரைக்கடியில் சூடாக்கும் கம்பி போகும். மாப்பாத்திரத்தை அங்கே வைத்தால் ஒரு நாளில் பொங்கிவிடும்.

"அங்கதான் வச்சேன். சுவத்துல இருக்குற பெட்டியில இருபத்தெட்டுன்னு காட்டுது. நானும் அதப் பாத்துட்டு விட்டுட்டேன். இன்னிக்குக் காலைல கால வச்சுப் பாத்தா தரை ஜில்லுனு இருக்கு. கம்பி அறுந்துபோச்சாம். பெட்டி பாட்டுக்கு நம்பர் காட்டிட்டே இருக்கு."

நான் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டது. கோப்பி வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து, ஆய்வுகூடத்துக்குப் போய், அந்த உலோகக் கட்டையில் உள்ளங்கையை வைத்தேன். குளிர்ந்திருந்தது. தொட்டி இருபத்தைந்து என்றது. பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். டிசம்பரில் நான் போட்ட சுருக்கு வழியில் நீர் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. சனி ஞாயிறுகளில் கட்டடத்தின் சூடாக்கியைக் குறைத்துவிடுவார்கள். திங்கள் காலை அறை குளிர்ந்திருக்கும். குளிரில் எந்த வினையும் மெதுவாகத்தான் நடக்கும், தோசை மா புளிப்பதும் பாலம் உடைவதும் ஒன்றுதான். வெள்ளி பின்னேரம் வெயிலும் ஆட்களும் சேர்ந்து அறை சூடாக இருக்கும். திங்கள் அளந்த புரதத்தில் நீலம் நீண்டது, வெள்ளி அளந்ததில் குறுகியது. ஈஸ்டருக்குப் பின் ஏன் அவ்வளவு நீண்டது என்பதும் தெரிந்தது.

அடுத்து நான் செய்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். திருகு சாவியை எடுத்தேன். பத்து நிமிடத்தில் சுருக்கைக் கழற்றி, விடுமுறையில் வந்து உதிரிப் பெட்டியில் பிரிக்காமல் கிடந்த புது மூட்டைப் போட்டு, குழாயைக் கட்டையில் பூட்டி, நீரை விட்டேன். கட்டை சூடாவதைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சூடாகச் சூடாக எனக்கு மூச்சு வந்தது. பிழை போய்விட்டது என்று உடம்பு நம்பியது. கயல் வந்தபோது நான் என் மேசையில் இருந்து எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். புதன்கிழமை தாண்டட்டும், பதவி கிடைக்கட்டும், பிறகு மெல்லச் சொல்லலாம் என்று ஒரு குரல். அவளுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று அந்தக் குரல் நல்ல பிள்ளையாகக் கதைத்தது. உண்மையில் எனக்கு வெட்கம். "சார்" என்று கூப்பிடும் ஒரே ஆளுக்கு முன்னால் மடையனாக நிற்க எனக்கு மனமில்லை.

கயல் பின்னேரம் மிச்சப் புரதத்தில் இன்னும் சில அளவுகள் எடுக்கத் தொடங்கினாள். சிரிஞ்சுகள் படாரென்று அடித்தன. சத்தம் நின்றது. திரும்ப அடித்தன. திரும்ப நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் புது இரும்புக் கரைசல் செய்தாள். நைதரசன் குழாயைச் சோதித்தாள். கரைசல்கள் கலக்கும் கண்ணாடிக் கலத்தைக் கழற்றிக் கழுவினாள். ஒரு மணி நேரம் போனது, இரண்டாவது மணி நேரமும் போனது. அவள் என்னிடம் உதவி கேட்கவில்லை, தன் பிழை என்றே நினைத்துவிட்டாள்.

பிறகு மெல்லிய குரலில் சொன்னாள். "போச்சு சார். நீலம் சட்டுனு போயிருது. சாதாரணப் புரதம் மாதிரியே இருக்கு. என் புரோட்டீன் கெட்டுப்போச்சு."

திரும்பிப் பார்த்தேன். கடைசிப் புரதம் இருந்த குப்பியைத் திறந்து கழுவு தொட்டிக்கு மேலே பிடித்திருந்தாள். அதைத் திரும்பச் செய்ய இரண்டு கிழமை வேண்டும். கண் கலங்கியிருந்தது.

"ஊத்தாதை பிள்ளை," என்றேன். "புரதத்தில ஒரு பிழையும் இல்லை. பிழை என்னில."

அவள் குப்பியை மூடிப் பனிக்கட்டியில் வைத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள். நான் டிசம்பரிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கசிந்த மூட்டு, சுருக்கு, மஞ்சள் தாள், சனி ஞாயிறு குளிர், மதியம் கட்டையைத் தொட்டுப் பார்த்தது, பூட்டியது. நான் முடித்ததும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்க பூட்டுறதுக்கு முன்னாடி கட்டை எத்தன டிகிரில இருந்துச்சு?"

"தெரியாது. அளக்கேல்லை."

"அளக்காமலே பூட்டிட்டீங்களா?"

அப்போதுதான் எனக்கு அந்தக் கிழவனின் காற்சட்டைப் பைகள் விளங்கின. இருபது வருடம் பக்கத்தில் நின்று பார்த்தும் விளங்காதது அன்று விளங்கியது. அவர் கைகளைப் பூட்டி வைத்திருந்தார், அவ்வளவுதான். பிழை நடந்த நிலையில் இயந்திரம் எப்படி இருந்தது என்பதுதான் பிழையைப் பற்றி எங்களிடமிருக்கும் ஒரே சாட்சி. நான் அந்தச் சாட்சியைத் திருகு சாவியால் அழித்திருந்தேன். மூன்று மாத அளவுகளும் எந்த வெப்பநிலையில் எடுக்கப்பட்டவை என்று இனிச் சொல்ல வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் பேராசிரியரிடம் போனோம். அவர் கேட்டுவிட்டு, "சரி, இப்போது எங்களுக்குத் தெரியும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, அவ்விக் எழுதிவிடு என்றார். அதாவது நடந்த பிழையைப் பதியும் படிவம். இந்த நாட்டில் அதைப் பல் துலக்குவதுபோல் எழுதுவார்கள். எனக்கு அது எப்போதும் கழுத்தில் பலகை மாட்டிக்கொள்வதுபோல் இருக்கும். அன்று எழுதினேன். பிழையைக் கண்டுபிடித்தவர் என்ற கட்டத்தில் கயலின் பெயரை எழுதினேன், தோசை மாவைப் பற்றிச் சொன்னது அவள்தானே.

விண்ணப்பத்தைப் பற்றிப் பேராசிரியர் கயலிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "உன் பெயரில் போகிற விண்ணப்பம். நீ தீர்மானி. அனுப்பாமல் விடலாம். படத்தை எடுத்துவிட்டு அனுப்பலாம். என்ன செய்தாலும் நான் உன் பக்கம் நிற்பேன்."

"இருக்குற புரோட்டீன்ல நாளைக்கு ஒரு நாள் பாக்குறேன்," என்றாள் கயல். என்னிடம் நேராகப் பேசவில்லை.

செவ்வாய் காலை ஏழு மணிக்கு நான் கட்டடப் பராமரிப்பாளரின் அறை வாசலில் நின்றேன். அவர் போலந்துக்காரர், எனக்குப் பதினைந்து வருடப் பழக்கம். அறைகளின் வெப்பநிலை எங்காவது பதிவாகிறதா என்று கேட்டேன். "கால் மணி நேரத்துக்கு ஒருமுறை, எல்லா அறையும்," என்றார். "இத்தனை வருடத்தில் இதை ஒருவரும் கேட்டதில்லை. எதற்கு?" என் மடத்தனத்தை அளக்க என்றேன். அவர் அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டு, ஜனவரியிலிருந்து எங்கள் அறையின் கணக்கு முழுவதையும் அச்செடுத்துத் தந்தார்.

நான் மறுபடியும் குழாயைக் கழற்றி டிசம்பர்ச் சுருக்கைப் போட்டேன். இந்த முறை ஒவ்வொரு அசைவையும் எழுதிக்கொண்டு. கலத்துக்குள் மெல்லிய வெப்பமானியை இறக்கினேன். அறைக்கும் கட்டைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்க வேண்டும். ஆனால் அறை சூடாக இருந்தது, எங்களுக்குத் திங்கட்கிழமை வேண்டும். கயல் எழுந்துபோய்ச் சன்னல்கள் இரண்டையும் அகலத் திறந்துவிட்டாள். ஏப்ரல் ஒஸ்லோ உள்ளே வந்தது. இருவரும் குளிர்ச்சட்டை, தொப்பி போட்டுக்கொண்டு, நடுவில் வெப்பமானியை வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். வழியால் போன ஒரு மாணவன் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்தினான். கட்டை அறையின் வெப்பநிலையையே பின்தொடர்ந்தது, அரை மணி நேரம் பிந்தி.

அது போதும். பகல் முழுவதும் கயல் பழைய அளவு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், போலந்துக்காரரின் தாளிலிருந்து அதற்கு அரை மணி நேரம் முந்தைய அறை வெப்பநிலையை எழுதினாள். பின்னேரம் குழாயை ஒழுங்காகப் பூட்டி, உண்மையான இருபத்தைந்தில் இரண்டு புரதங்களையும் மிச்சமிருந்த துளிகளில் அளந்தாள். பிறகு எல்லாப் புள்ளிகளையும் வெப்பநிலைக்கு எதிராகத் திரையில் போட்டாள்.

மூன்று மாதமாக ஆடிக்கொண்டிருந்த புள்ளிகள் வரிசையில் வந்து நின்றன. மாற்றிய புரதத்துக்கு ஒரு கோடு, சாதாரணப் புரதத்துக்கு இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி. இரு மடங்கு என்பது பொய். ஆனால் நீலம் கொஞ்சம் நீடித்தது உண்மை, ஒவ்வொரு வெப்பநிலையிலும் நீடித்தது. அதோடு, பாலம் உடைய எவ்வளவு சக்தி வேண்டும் என்பதையும் அந்தக் கோட்டின் சாய்விலிருந்து சொல்ல முடிந்தது. அதை அளக்க வேண்டும் என்று நாங்கள் ஒருவரும் திட்டமிட்டிருக்கவில்லை.

கயல் திரையை நீண்ட நேரம் பார்த்தாள். "என் கையும் நல்லாத்தான் இருந்திருக்கு," என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது, தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டேன்.

புதன் பகல் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலிருந்து அந்தப் பெரிய படம் போனது. "இரு மடங்கு" என்றிருந்த ஒவ்வோர் இடத்திலும் "சற்று" என்று எழுதினாள். பன்னிரண்டு இடம். சற்று என்ற சொல்லை நம்பி யார் மூன்று வருடப் பதவி கொடுப்பார்கள் என்று எனக்குப் பயம். ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அனுப்பிவிட்டு, மகளைக் கூட்டிவர வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள்.

யூன் மாதம் பதில் வந்தது. பதவி வேறொருவருக்கு, கயல் காத்திருப்போர் பட்டியலில் முதலாவது. பட்டியலில் முதலாவது என்றால் எதுவுமில்லை என்று அர்த்தம், எல்லோருக்கும் தெரியும். கணவர் இந்தியாவுக்கு விமானச் சீட்டுகள் பார்க்கத் தொடங்கினார். ஆய்வுகூடத்தில் கயல் எனக்கு வணக்கம் சொல்வாள், வேலை கேட்பாள், நன்றி சொல்வாள். திங்கட்கிழமைத் தோசை மட்டும் திரும்ப வரவில்லை. நான் கேட்கவுமில்லை.

யூலையில் கட்டடம் பூட்டியது போலாகிவிடும், உங்களுக்குத் தெரியும். ஒரு முற்பகல் நான் ட்வெய்ட்டாக் கடைத்தொகுதியில் மீன் வாங்க வரிசையில் நின்றேன். போன் அடித்தது.

"சார், அந்தப் பதவி கெடச்சவங்க வேண்டாம்னுட்டாங்களாம். வேற ஊர்ல வேலை கெடச்சிருச்சாம். எனக்கு வந்துருச்சு. மூணு வருஷம்."

பின்னால் நின்ற பெண் என்னை முன்னே போகச் சொன்னாள், நான் வரிசையை விட்டே விலகி ஒரு தூணோடு நின்றேன். "பிள்ளை, சந்தோஷம்," என்றேன். "நல்ல சந்தோஷம்."

"ஒண்ணு சொல்லணும் சார்."

"சொல்லு பிள்ளை."

"குழாய மறந்தது எனக்குப் பெருசா தெரியல. நானும் மறந்திருப்பேன். ஆனா அன்னிக்கு ரெண்டு மணி நேரம் நான் என்னத் திட்டிட்டே எல்லாத்தையும் கழுவிட்டு இருந்தேன். நீங்க முதுகக் காட்டிட்டு உக்காந்திருந்தீங்க. அது இன்னும் போக மாட்டேங்குது."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு அளவை எடுத்துச் சொல்வதுபோலச் சொன்னாள். நான் காரணம் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் இருந்த காரணங்களை எல்லாம் நான் ஏற்கெனவே சோதித்துப் பார்த்திருந்தேன்.

"ஓம் பிள்ளை," என்றேன். "அது நான் செய்தது."

அவள் பக்கத்தில் மகள் நோர்வேஜிய மொழியில் ஏதோ பாடிக்கொண்டிருந்தது கேட்டது.

"சரி, எங்க இருக்கீங்க?"

"உங்கடை கடைத்தொகுதியிலதான் நிக்கிறன். மீன் வாங்க வந்தனான்."

"அப்போ மேல வீட்டுக்கு வாங்க. கோவம் இருக்கு, இல்லேன்னு சொல்லல. அதோடயே வாங்க."

நான் திரும்ப வரிசையின் கடைசியில் போய் நின்று, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து மீன் வாங்கிக்கொண்டு போனேன்.